ஒரு ஊற்றுக்கு ஒரு டிக்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. இரண்டாவது தடவையாக மேல்ஊத்துக்குப் போனேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஏற்றத்தில் ஒன்றரை மணி நேரம். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு.

ரேஷன் கடைச் சுவரில் எங்கள் ஊற்றுக் கணக்கெடுப்பு அலுவலகத் தாள். போன மாதம் நான் நிரப்பிய படிவத்தின் சுருக்கம். "மேல்ஊத்து ஊற்று வற்றியதன் முதன்மைக் காரணம்: அளவுக்கு மீறி நீர் எடுத்தல்." கீழே நான் எடுத்த புகைப்படம். மரவள்ளிக் கொல்லைக்குள் போகும் கறுப்புக் குழாய்.

அது எஸ்தர் அக்கா கொல்லை. ஊரில் கிறிஸ்தவ வீடு அது ஒன்றுதான்.

போன மாதம் நடந்தது இவ்வளவுதான்: மழை வரும் போலிருந்தது. கடைசிப் பேருந்து நாலரைக்கு. டேப்லெட்டில் ஆறு காரணம், ஒன்றைத்தான் தொட முடியும். எதிரே தெரிந்தது அந்தக் குழாய். தொட்டேன்.

இப்போது குழாய் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஊற்றில் மிச்சமிருக்கும் ஒரு சாண் தண்ணீரில் அந்த வீட்டுக் குடம் இறங்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அக்கா கீழ் ஓடைக்குப் போய் எடுத்து வருகிறாள். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல்.

"நீ எழுதிக்கினு போன. கெவர்மெண்டே சொல்லிடுச்சின்றாங்க. நானு இன்னா சொல்றது?" என்றாள். திட்டவில்லை. காப்பி கொடுத்தாள். ஓடைத் தண்ணீர்க் காப்பி. குடித்தேன்.

நான் கெவர்மெண்ட் இல்லை. ஒப்பந்தக் கணக்கெடுப்பாளர், செப்டம்பர் வரை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் ஒருங்கிணைப்பாளர் சாருக்குப் போன். (இனி ஒ.சா.)

"மேல்ஊத்து காரணத்த மாத்தணும் சார்."

"ஏம்மா?"

"ஒன்னு இல்ல சார். நெறைய இருக்கு."

"எல்லாத்துக்கும் நெறைய இருக்கும். நமக்கு வேண்டியது முதன்மை. ரோஸ்லின், நீ பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு. அவங்க சாமி கோவம்னு சொல்றாங்க, நாம குழாய்ன்னு சொல்றோம். நம்மளுது விஞ்ஞானம்தானே?"

வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பதில் வந்தது. எப்போதும் பிறகுதான் வரும். இங்கே எழுதி வைக்கிறேன்: தாவரவியல் தேர்வில் இலை ஏன் மஞ்சளாகிறது என்ற கேள்விக்கு ஒரே காரணம் எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவார்கள். கிறிஸ்தவ வீட்டால் வந்த சாமி கோபம் என்பது ஒரு விரல். குழாய் என்பதும் ஒரு விரல். இரண்டும் ஒரே வீட்டைத்தான் காட்டுகின்றன. இதில் விஞ்ஞானம் எங்கே வந்தது?

மதியம் மறுபடி மேல்ஊத்து. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு படிவம் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வருகைப்பதிவு கிடையாது. ஒ.சா. போட்ட விதி. திறந்தேன். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமித்தேன். நேற்றும் அப்படித்தான்.

குழாய்களை எண்ணினேன். ஏழு. அக்காவுடையது பாதையோரம். மற்ற ஆறும் உண்ணிப் புதருக்குள். ஒன்றைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஊர்க்கவுண்டர் கொல்லையில் போய் முடிந்தது. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மேடம், பாம்பு புடிக்கிறீங்களா?"

"குழாய்ங்க ஐயா."

"அது பழசு. ஓடல."

குழாய் முனையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

ஜூலை 10, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. வாங்க வேண்டியவை: செருப்பு, பேனா, கொசுவத்தி.

நாலாவது வருகை. ஊர்க்கவுண்டர் இன்று தானாகவே பேசினார். குழாயைப் பார்த்துவிட்டேன் என்பதால் இருக்கலாம். இல்லை, பேசக்கூடியவர்தானோ என்னவோ.

மழை: "கம்மின்னு எவன் சொன்னான்? ஜாஸ்திதான். முன்ன பத்து நாளு நின்னு பேஞ்சிது. இப்ப ரெண்டு நாள்ல கொட்டிட்டு ஓடிப்போவுது."

மேல் சரிவில் தைலமரம்: "நட்டதுல நானும் ஒருத்தன். சீக்கிரமா வளரும்னாங்க. வளந்திச்சி."

ரோட்டுக்குப் பாறை உடைத்தது: "வெடி வெச்சப்ப வூடே குலுங்கிச்சி. அப்பறம்தான் தண்ணி எறங்கிச்சி. ஆனா ரோடு வேணும்னு மறியல் பண்ணதும் நாங்கதான? பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கினவன் நானு."

பிறகு பூசை. ஆடி முதல் வெள்ளி, சாமைப் பொங்கல். "வூட்டுக்கு ஒரு படி சாம, ஒரு ஆளு. எல்லா வூட்டு சாமயும் ஒரே பானையில பொங்கணும். ஒரு வூடு கொறஞ்சாலும் ஆத்தாளுக்குப் படைக்க முடியாது. படைக்காம எவனும் ஊத்துல எறங்கக் கூடாது."

இறங்காவிட்டால் தூர் வார முடியாது. இரண்டு வருடமாகப் பானை ஏறவில்லை.

ஏன்? "சின்னான் சாம தர மாட்டேன்னுட்டான்." சின்னான் என்பது எஸ்தர் அக்காவின் கணவர். இப்போது தேவசகாயம்.

அக்காவிடம் கேட்டேன். "மொத வருசம் அவரு தரல. பாஸ்டர் கூடாதுன்னாரு. அடுத்த வருசம் நானே தூக்கிக்கினு போனேன். வேதக்கார வூட்டு சாம ஆவாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

இன்னும் மூன்று வீட்டில் விசாரித்தேன். ஊர்க்கவுண்டர் சொல்வதும் உண்மை, அக்கா சொல்வதும் உண்மை.

திரும்பி நடக்கும்போது கை பரபரத்தது. பூசை நின்றது, தூர் வாருவது நின்றது, ஊற்று அடைத்துக்கொண்டது. கண்டுபிடித்துவிட்டேன்! கீழே இரண்டு கோடு போடுகிறேன்.

ஜூலை 12, சனி

அந்த இரண்டு கோட்டையும் அடித்தேன்.

இன்று முதலில் அடுத்த ஊர், கீழ்ஊத்து. அங்கேயும் இதே பூசை, இதே பானை. ஒரு வருடம்கூடத் தவறியதில்லையாம். எல்லா வீடும் சாமை கொடுக்கிறது, எல்லாரும் இறங்கித் தூர் வாருகிறார்கள். ஊற்று சித்திரையிலேயே வற்றிவிட்டது. "எங்கூரு ஆத்தாளுக்கு இன்னா கொறையின்னே தெரியல" என்று ஒரு பெண் வெறும் குடத்தைத் தட்டிக் காட்டினாள்.

எரிச்சல். நான் கண்டுபிடித்தது குழாயைவிட அழகான ஒரு டிக், அவ்வளவுதான். பூசை ஒரு காரணம்தான். பூசை மட்டும் இல்லை. ஒ.சா.வைக் குறை சொல்லிவிட்டு நானும் அதே வேலைதான் பார்த்தேன்.

குறுக்குப் பாதையில் மேல்ஊத்து. ஐந்தாவது படிவம், காலி. நாளை ஊர்க்கூட்டமாம். அந்த வீட்டுக்கு ஊற்றே கிடையாது என்று நிரந்தரமாகப் பேசி முடிக்கப் போகிறார்கள். கையில் என் தாளைத்தான் வைத்திருப்பார்கள்.

அம்மா போன். திருநாவலூர் பக்கம் கரும்பு வெட்டு முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறாள்.

"ரோசு, சாரு கிட்ட எதுத்து கிதுத்துப் பேசாதடி."

"பேசலம்மா."

பேசவில்லைதான். இன்னும்.

அம்மா தினமும் ஜெபமாலை சொல்பவள். ஆடியில் கூழும் ஊற்றுவாள். பங்குசாமி கேட்டால் அக்கம்பக்கத்துக்காக என்பாள். அக்கம்பக்கம் கேட்டால் பிள்ளைக்கு நேர்ந்துகொண்டது என்பாள். எது பொய் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். எதுவும் பொய் இல்லை. எனக்கும் ஞானஸ்நானப் பதிவில் ஒரு மதம், பள்ளிச் சான்றிதழில் வேறொரு மதம்.

இன்னொன்று. மேல்ஊத்துக்குப் போகும்போதெல்லாம் கழுத்துச் சங்கிலியைத் துப்பட்டாவுக்குள் தள்ளிவிடுகிறேன். சிலுவை தெரியக் கூடாது என்று. எஸ்தர் அக்காவுக்கும் தெரியக் கூடாது என்று. இதை எழுதவே ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. கூட்டத்துக்குப் போனேன். பலா மரத்தடி. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், நான் இரண்டுக்கும் நடுவில்.

"அந்தத் தாளு தப்புங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"சத்தமா சொல்லும்மா. ஊத்து மாதிரி உன் கொரலும் வத்திப்போச்சா?" யாரோ. பெரிய சிரிப்பு.

கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் குரல் வருகிறது. இருபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

"குழாய் ஏழு இருக்கு. நான் படம் புடிச்சது ஒன்னு. பாதையில கெடந்ததால புடிச்சேன். அது என் தப்பு. மீதி ஆறு யாரு கொல்லைக்குப் போவுதுன்னு சொல்லட்டுங்களா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை.

ஊர்க்கவுண்டர்: "சரி வுடு. குழாயி இல்லன்னா ஆத்தா கோவம். சாம தராதவனால வந்த கோவம். அப்பவும் அதே வூடுதான?"

"கீழ்ஊத்துல எல்லா வூடும் தருது. அங்க ஏங்க வத்திச்சி?"

"அப்ப ஆத்தாளே இல்லன்றியா?"

"நான் அப்டி சொல்லல ஐயா. கோவமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தைலமரத்து மேல, வெடி மேல, ஏழு குழாய் மேல எல்லாம் கோவம் வராம, ஒரு வூட்டு மேல மட்டும் வந்திச்சின்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

பின்னாலிருந்து ஒரு பெண்: "நீ இன்னா சாமி கும்புடற?"

உங்கள் ஊற்றுக்கு அது எதற்கு என்று கேட்டிருக்கலாம். சங்கிலியை வெளியே எடுத்தேன். "வூட்ல மாதா படம். ஆடி வந்தா எங்கம்மா கூழும் ஊத்துவாங்க. ரெண்டுல எதுன்னு கேட்டா அவங்களுக்கே கோவம் வரும்."

"பாத்தியா, அவுங்க ஆளு!"

"எங்க அத்தகூடத்தான் வேளாங்கண்ணிக்குப் போயி மொட்ட போட்டுச்சி. இங்க ஆடும் வெட்டுது. அது யாரு ஆளு?" இது இன்னொரு பெண். அத்தைக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "என்ன ஏண்டி இழுக்கற?" என்று தொடையில் ஒன்று வைத்தாள்.

தேவசகாயம் எழுந்தார். "தூர் வார நான் வர்றேன். பொங்கல் துன்ன மாட்டேன்."

"துன்னாம எப்டி எறங்குவ?"

எஸ்தர் அக்கா: "சாம நான் தர்றேன். பானைக்குத் தர்றேன். அதுக்குப் பூசைன்னு நீங்க பேரு வெச்சிக்கினா அது உங்க இஷ்டம்." கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இன்று அந்த வீட்டில் சண்டைதான்.

முடிவு: வெள்ளிக்கிழமை வரை அவர்கள் குடம் இறங்கலாம். சாமை வாங்குவதா என்பது பானை ஏறும்போது.

தாளை நானே கிழித்தேன். பசை இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டியும் புகைப்படத்தில் பாதி சுவரிலேயே நிற்கிறது.

ஆறாவது படிவம், காலி.

ஜூலை 15, செவ்வாய்

கள்ளக்குறிச்சி. அலுவலகம். மின்விசிறி ஓடவில்லை.

"தாள கிழிச்சியாமே."

"ஆமா சார்."

"நீயும் அவங்க ஆளுன்னு ஊர்ல பேசறாங்க. இதுக்குத்தான் இவ்ளோ பாடா?"

அழுகை வரும் போலிருந்தது. வரவிடவில்லை. "அவங்க ஆளா இல்லன்னாலும் குழாய் ஏழுதான் சார்."

ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி. வியாழக்கிழமை டேப்லெட்டை ஒப்படைக்க வேண்டும். "பாக்கிப் படிவமெல்லாம் முடிச்சிக் குடு. படிவத்துக்கு ஒரு காரணம். காலியா ஒன்னும் வரக் கூடாது."

சரி என்றேன்.

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து ஐந்து காலிப் படிவத்தையும் நிரப்பினேன். பக்கத்தில் இரண்டு பேர் உளுந்தூர்பேட்டை வண்டிக்காகச் சண்டை. பட்டியலில் மொத்தம் ஆறு காரணம். எனக்கு ஆறு வருகை. ஜூன்: அளவுக்கு மீறி நீர் எடுத்தல் (முன்பே போட்டது). 7: மழை முறை மாறியது. 8: மரவகை மாற்றம். 10: வெடி வைத்தல். 12: பராமரிப்பின்மை. 13: மற்றவை. "மற்றவை போட்டால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்" என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். நாற்பது எழுத்துக்குள் விளக்கம் கேட்டது. 'ஊர் இரண்டாக நிற்பது' என்று அடித்தேன்.

அனுப்பினேன்.

கச்சிராயபாளையம் தாண்டும்போது ஒ.சா. போன்.

"இன்னாம்மா இது? ஒரே ஊத்துக்கு ஆறு காரணமா?"

"ஆறு வருகை சார். படிவத்துக்கு ஒன்னுதான் போட்டிருக்கேன்."

"இதுல எது சரி?"

"ஆறும்."

"கம்ப்யூட்டர் ஒன்னுதான் எடுத்துக்கும்."

"அது கம்ப்யூட்டரோட கஷ்டம் சார்."

இதை நான் சொன்னேன். நான்!

பிறகு இறங்கி வந்து, "சரி, ஜூன்ல போட்ட குழாய் மட்டும் அழிச்சிடறேன். உன் பிரச்சினை அதானே?" என்றார்.

"வேணாம் சார். அதுவும் பொய்யில்ல. தனியா நின்னதுதான் பொய்."

மலை ஏற்றத்தில் சிக்னல் போய்விட்டது. அவர் கேட்டாரா தெரியாது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி. மேல்ஊத்து

மேற்கே மேகம். முதல் பேருந்தில் வந்தேன். இன்று இது வேலை இல்லை. நேற்று டேப்லெட்டை ஒப்படைத்தாகிவிட்டது. பை காற்றாக இருக்கிறது. நோட்டு மட்டும். புதுச் செருப்பு கடிக்கிறது.

பானை ஏறிவிட்டது. எஸ்தர் அக்கா படியோடு நிற்கிறாள். வாங்க ஆள் இல்லை. போ என்று சொல்லவும் ஆள் இல்லை. தண்ணீர் கொதிக்கிறது.

ஊர்க்கவுண்டர் மனைவி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்: "கல்லு பொறுக்கினியாடி?"

"பொறுக்கினேன்."

"உன் சாமையில எப்பவும் கல்லுதான்."

"ரெண்டு வருசமா நீ பாக்கவே இல்லியே, உனக்கு எப்டித் தெரியும்?"

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டே படியை வாங்கிப் பானையில் கொட்டினாள். ஆண்கள் பக்கம் ஒரே சத்தம். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். ஊர்க்கவுண்டர் அவரைக் கூப்பிடவில்லை. மனைவியையும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊற்று ஊறுமா, தெரியாது. தைலமரம் அப்படியே நிற்கிறது. புதருக்குள் ஆறு குழாயும் அப்படியே.

ஆத்தாளுக்குப் படைத்ததும் தேவசகாயம் இறங்கிவிட்டார். இடுப்பளவு சேறு. பொங்கல் கொடுத்தால் தின்பாரா என்று பாதி ஊர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மீதி ஊர் மண்வெட்டி தேடுகிறது.

எஸ்தர் அக்கா கூடையை என் பக்கம் எறிந்தாள். "எழுதிக்கினே கெடப்பியா? வா."

வீட்டுக்கு ஒரு ஆள்தானே, நான் எந்த வீட்டு ஆள் என்று கேட்டேன்.

"எறங்கு மொதல்ல" என்றாள்.