நேர்ந்துவிட்ட சேவல்

தாடிக்கொம்பு,
தை, 1958

மாமாவுக்கு,

கண்டியிலிருந்து நீங்கள் அனுப்பிய பாவாடைத் துணி வந்தது. நானும் உங்கள் மகளும் இருக்கிறோம்.

காய்ச்சலில் விழுந்த அவள் கால் எழும்ப வேண்டும் என்று கருப்பணசாமிக்கு ஒரு குஞ்சை நேர்ந்துவிட்டுப் போனீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பருந்து தூக்கிவிடும், நாய் கவ்விவிடும் என்று பயந்து அதை உள்வீட்டில் கூடைக்குள்ளேயே வளர்த்தேன். இப்போது கொண்டை சிவந்த சேவலாகிவிட்டது. ஆனால் நிற்க முடியவில்லை. இரண்டு காலும் வில்லாக வளைந்துவிட்டன.

திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “வெயிலே படாம வளத்தா எலும்பு வளையத்தான் செய்யும். இனிமே நிமிராது” என்றார் டாக்டர். ஆனாலும் எண்ணெய் தடவி வெயிலில் விடுகிறேன். அது நெஞ்சால் தவழ்ந்து நிழலுக்கே வந்துவிடுகிறது.

நேற்று பூசாரி உடையப்பன் வந்து பார்த்தார். “ஊனப்பட்டதைச் சாமி ஏத்துக்காது தாயி. வேற குஞ்சு பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது உங்கள் மகள் சேவலை மடியில் வைத்துக் கம்பு ஊட்டிக்கொண்டிருந்தாள். அதன் வளைந்த காலைத் தடவினாள். பிறகு, “அப்ப என்னையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டியாம்மா?” என்றாள்.

அடுப்பு அணைந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்களாவது எழுதுங்கள், மாமா.

அவளைப் பெற்றவள்