பதினோரு நாள் வலி

கார்த்திகை 9, திங்கள்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தபின் என் மனைவி சரசு, அந்நோயைத் தூண்டும் ஹார்மோனை அடக்கும் மாத்திரை உட்கொள்கிறாள். அதனால் எலும்பு மெலியாதிருக்க எடைப் பயிற்சி செய்யுமாறு மருத்துவர் கூறியிருந்தார். கனமான எடை தூக்கினால் அந்த ஹார்மோன் மீண்டும் கூடுமோ என்று அஞ்சி, லேசான எடையை மிக மெதுவாக இறக்கும் முறையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். "இப்பிடி எறக்குனா ரெண்டு மூணு நாள் சதை வலிக்குமுங்க, பயப்படாதீங்க" என்று கொல்லங்கோட்டுப் பயிற்சியாளர் முன்னரே சொல்லியிருந்தார்.

ஆகவே இடது தோள் வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், அது பயிற்சி வலி என்றே முடிவு கூறினேன். "வக்கீலூட்டுல வலிக்குக்கூட வாய்தாதானுங்களா?" என்று ஒருநாள் சிரித்தாள். இரு கைகளாலும் தூக்குபவளுக்கு ஒரு தோள் மட்டும் வலிப்பதேன்? சாட்சியிடம் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். அவளிடம் கேட்கவில்லை.

இன்று மருத்துவர், "எத்தனை நாளாச்சு?" என்றார்.

"பதினோரு நாள்" என்றேன். ஹார்மோனுக்கு அஞ்சி லேசான எடையைத் தேர்ந்தெடுத்ததையும் சொன்னேன்.

"பயிற்சி வலி இவ்வளவு நாள் நிக்காது. கனம் தூக்கினாலும் ஹார்மோன் கூடுறது கொஞ்ச நேரந்தான். நீங்க பயப்பட்டது வேண்டாத பயம்."

நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை.

திரும்பும்போது காரில் சரசு, "நாந்தானுங்க வெயிட்டு தூக்குன வலின்னு சும்மா இருந்துட்டேன். நீங்க வெசனப்படாதீங்க" என்றாள். அப்படிச் சொன்னவன் நான். கோவிந்தாபுரத்தில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

வலது பக்கமாகவே படுத்து உறங்குகிறாள். எத்தனை நாளாக இப்படிப் படுக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.