பெரிய பை ஓடும்போது மட்டும்

மார்ச் 11, செவ்வாய்

சிப்ஸைப் பையில் அடைக்கும் மூன்றாம் இயந்திரம் இன்று நான்கு தடவை நின்றது. திரையில் அதே வாசகம்: என்கோடர் சிக்னல் இல்லை. அதாவது, தான் ஓட்டும் சர்வோ மோட்டார் எங்கே நிற்கிறது என்று டிரைவுக்கே தெரியவில்லையாம். ரீசெட் அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. விருந்தில் சண்டை போட்டுவிட்டு உடனே சாப்பிட உட்காரும் மாமா மாதிரி.

நிற்கும்போதெல்லாம் வாழைக்காய் சிப்ஸ் தரையில் கொட்டுகிறது. துரான் ஊர்ப் புறாக்கள் எல்லாம் நம் ஆலையால்தான் கொழுத்திருக்கின்றன.

மார்ச் 12

இரண்டாம் இயந்திரத்தின் டிரைவைக் கழற்றி மூன்றில் மாட்டினேன். கோளாறு மூன்றிலேயே இருந்தது. மோட்டாரையும் மாற்றினேன். ம்ஹூம். கேபிளை மல்டிமீட்டர் வைத்துச் சோதித்தேன், எல்லாக் கம்பியும் நலம்.

பிறகு என்னதான் மிச்சம்?

மார்ச் 14, வெள்ளி

இஞ்சினியர் வெல்லிங்டன் புளுவாஸ் என் மேஜையில் வந்து சாய்ந்துகொண்டார். "நாளைக்குள்ள காரணம் சொல்லு நார்சிசா. இல்லேன்னா வெளியாளைக் கூப்பிட்டுக்கிறேன்."

வெளியாள்! ஆறு வருஷமாக இந்த ஆலைக்கு நான் எலெக்ட்ரீஷியன். எவனோ ஒருத்தன் பெட்டியோடு வந்து என் இயந்திரத்தைத் திறப்பதா?

அவரே ஒரு வழியும் சொன்னார். "கவனிச்சியா? காலை ஷிஃப்ட்லதான் நிக்குது. டெல்ஃபா ஷிஃப்ட்டு. அந்தம்மா பேசுறப்போ பேனல் கதவைத் தட்டித் தட்டித்தானே பேசுது? உள்ள கனெக்‌ஷன் ஆடாம என்ன செய்யும்?"

உண்மைதான். மூன்றை ஓட்டும் டெல்ஃபா தொமலா அக்கா கையை ஆட்டாமல் பேசி யாரும் பார்த்ததில்லை.

மார்ச் 15

எழுதிக் கொடுத்துவிட்டேன். "இயக்குபவர் பேனலைத் தட்டுவதே காரணம்." என் கையெழுத்து. அழகாகவே விழுந்தது.

மார்ச் 17

டெல்ஃபா அக்காவைக் காய் உரிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பதினோரு வருஷம் அந்த இயந்திரத்தில் நின்றவர். மூன்றில் இப்போது வாஷிங்டன் என்கிற புதுப் பையன். வெல்லிங்டனுக்குக் கீழ் வாஷிங்டன் – இனி ஆலை உருப்பட்ட மாதிரிதான்.

ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஐந்து நாளாகப் பட்டு மாதிரி ஓடுகிறது. இஞ்சினியர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். காலையில் எனக்கு மீன் சூப்பு வாங்கித் தந்தார், வெங்காயம் கூடுதலாகப் போட்டு.

சாப்பாட்டுக் கூடத்தில் டெல்ஃபா அக்கா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வாழைக்காய்க் கறை பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. நான் வேறு மேஜைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஐந்து தடவை!! வாஷிங்டன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான், பாவம். பேனல் பக்கமே போகவில்லை. "நான் தொடவே இல்லக்கா, சத்தியமா."

எனக்குத் தெரியும்டா.

ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்?

மார்ச் 26

உரிக்கும் பிரிவுக்குப் போனேன். ஒரு கத்தியை எடுத்து டெல்ஃபா அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து காய் உரித்தேன். மூன்று காய்க்கு அப்புறம்தான் வாய் திறந்தது.

"அக்கா, தப்பு என்னோடது. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"இப்பதான் தெரிஞ்சுதா?" நிமிரவில்லை. "மறுபடி நிக்குதாமே. பெரிய பை போட்டாங்களா?"

"ஆமா. நேத்து."

"ஒரு வாரமா சின்னப் பைதானே ஓடுச்சு? அப்புறம் எப்படி நிக்கும்? சின்னப் பைக்கு அது என்னிக்குமே நின்னதில்ல. பெரிய பை ஆர்டர் எல்லாம் என் ஷிஃப்டுக்குத்தானே தருவாங்க, நான் வேகம்னு."

"இதை ஏங்கா அப்பவே சொல்லல?"

"யாரு கேட்டா? டிரைவைக் கேட்ட, மோட்டாரைக் கேட்ட, அந்த மீட்டரைக் கேட்ட. நான் பக்கத்துலதான நின்னேன்?" அப்புறம் என் காயைப் பார்த்துச் சொன்னார்: "அய்ய, தோலோட பாதிக் காயும் போகுது. எழுந்து போ, உன் வேலையைப் பாரு."

மார்ச் 27

கண்டுபிடித்தேன்!

பெரிய பைக்குச் சீல் வைக்கும் தாடை இன்னும் கீழே இறங்கும். அதோடு போகும் என்கோடர் கேபிளும் கூடுதலாக மடங்கும். மின்சாரத்தை நிறுத்தி, கம்பி அறுபடாதவரை பீப் அடிக்கும்படி மீட்டரைக் கேபிளில் மாட்டி, தாடையைக் கையால் மெல்ல இறக்கினேன். பீப்... பீப்... கடைசி நாலு விரற்கடையில் சத்தம் நின்றது. ஏற்றினால் மறுபடி பீப். உறையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே ஒரு கம்பி முறிந்து இரண்டு முனையும் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு அசையாத கேபிளைச் சோதித்தால் அது நலமென்றுதான் சொல்லும்!

புதுக் கேபிள் போட்டாயிற்று. ஆயிரத்து இருநூறு பெரிய பை. ஒரு நிறுத்தமில்லை.

மார்ச் 28, வெள்ளி

புது அறிக்கை கொடுத்தேன். இஞ்சினியர் வாசித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"கேபிள்னு எழுதினா போதாதா? 'முந்தைய என் அறிக்கை தவறு, டெல்ஃபா தொமலா சொன்னதை வைத்தே கண்டறிந்தேன்'னு எல்லாம் எதுக்கு? பழைய காகிதத்தை யாரு தேடப் போறா?"

"அந்தக் காகிதத்தை வெச்சுத்தான சார் அவங்களை மாத்தினீங்க?"

"எனக்கும்தான அசிங்கம், நார்சிசா."

"ரெண்டு பேருக்கும்தான் சார்."

கையெழுத்துப் போட்டார். சூப்பு வாங்கித் தரவில்லை. நானே ஒரு பிரதியை அறிவிப்புப் பலகையில் குத்தினேன். ஊசி இரண்டு தடவை விழுந்தது.

மார்ச் 31

டெல்ஃபா அக்கா மூன்றுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு ஒரு வணக்கம், அவ்வளவுதான். சரி. அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை?

ஏப்ரல் 3

மழை. வேலைக்கு வர முக்கால் மணி தாமதம். வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று ஒன்றாம் இயந்திரம் நின்றது. அதிலிருந்த ஆள் லீவு, அவருக்குப் பதிலாக டெல்ஃபா அக்கா நின்றிருந்தார். பேனலைத் திறக்கச் சாவியை எடுத்தேன். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கக்கா."

ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் இருபது நிமிஷம் சொன்னார், பேனல் கதவைத் தட்டித் தட்டி. அதில் பதினைந்து நிமிஷம் மருமகளைப் பற்றி. மிச்ச ஐந்தில் கோளாறு இருந்தது.