ஸ்டீயரிங்கில் கட்டியிருந்த சிவப்புத் துணி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனசு வராவிட்டால் படித்துவிட்டுச் சும்மா இருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

ஜூலை 7, திங்கள்

மேகம் மட்டும். மழை இல்லை. பள்ளிக்கூடத்தில் தலைவலி என்று பொய் சொல்லி இரண்டு பீரியட் மேஜையில் படுத்திருந்தேன்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதினால் பயம் குறையுமா என்று பார்க்கிறேன்.

ராசு அண்ணன் ஓட்டுகிற சல்லி லாரி சனிக்கிழமை எங்கள் பட்டறைக்கு வந்தது. பின்சக்கர பிரேக் சேம்பரில் காற்று ஒழுகல். எங்கள் மெக்கானிக் முத்துப்பாண்டி அண்ணன் (மு. அண்ணன்) சோப்புத் தண்ணீர் ஊற்றினார், நுரை கிளம்பியது. உள்ளே ரப்பர் கிழிசல். மாற்றிவிட்டார்.

சேம்பருக்குள் ஒரு பெரிய ஸ்பிரிங் உண்டு. காற்று இல்லாதபோது அதுதான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். ஹேண்ட் பிரேக் அதுதான். வேலை பார்க்கும்போது பின்னாலிருந்து நீள போல்ட் விட்டு முறுக்கி அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைப்பார்கள். வேலை முடிந்து, இன்ஜினை ஓட்டிக் காற்று ஏறிய பிறகு போல்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டாலும் பிடிக்காது. அதனால் போல்ட் உள்ளே இருக்கும்வரை ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். எங்கள் பட்டறையில் வேறு சட்டம் எதுவும் கிடையாது, இது மட்டும்தான்.

நேற்று மதியம் பேட்டரி சார்ஜில் இருந்ததால் இன்ஜினை ஓட்டவில்லை, போல்ட் உள்ளேயே இருந்தது. மு. அண்ணன் சாப்பிடப் போனார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் கணக்கு நோட்டோடு அந்த லாரியில் ஏறி உட்கார்ந்தேன். கொண்டுபோன டம்ளர் சாய்ந்து சீட்டெல்லாம் டீ. கைக்கு எட்டியது அந்தத் துணி. அவிழ்த்தேன், துடைத்தேன், எண்ணெய்த் துணிகளோடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அதற்கு அர்த்தம் தெரியாதா எனக்கு? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அந்த நிமிஷம் அது வெறும் துணி.

அப்பா வந்து பேட்டரியை மாட்டினார், காற்று ஏற்றினார். துணி இல்லை, அப்படியானால் போல்ட் கழற்றியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். ராசு அண்ணனிடம் சாவி. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் குவாரிப் பக்கம் சரிவில் நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியிருக்கிறார். லாரி நகர்ந்திருக்கிறது. ஓடிப்போய் ஏறப் பார்த்துக் கீழே விழுந்து, கால் இரண்டு இடத்தில் முறிவு. லாரி மண்மேட்டில் மோதி நின்றதாம்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காலையில் இட்லி. மதியம் அதே இட்லி.

அப்பா மு. அண்ணனை நிறுத்திவிட்டார். பத்து வருஷ வேலை, பத்து நிமிஷப் பேச்சு. அப்பா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"துணிய அவுத்தியே, போல்ட்ட கழட்டுனியா?"

"நான் அவுக்கலண்ணே. சாப்பிட்டு வந்தேன், வண்டியே இல்ல."

"அப்ப துணி தானா அவுந்துக்கிருச்சா?"

காற்று பிடிக்க வந்த ஒரு டிரைவர் பக்கத்தில் நின்று சிரித்தார். அடுத்த தடவ துணி பத்தாது மாப்ள, ஒரு சேலையையே கட்டிவிடு என்றார். மு. அண்ணன் எல்லோரிடமும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவர். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஜன்னலுக்குப் பின்னால்.

திருப்பூருக்கு போன் பண்ணினேன். சித்திக்குப் பிரசவம் பார்க்க அம்மா போய் நாற்பது நாள். பிள்ளை விடாமல் அழுதது. "என்னடி, குரலே இல்ல?" சளி என்றேன். கசாயம் போட்டுக் குடி என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 9, புதன்

கணக்கு டெஸ்ட். 25க்கு 9. யாரும் கேட்கவில்லை.

மு. அண்ணன் ஸ்பானர்களை எடுக்க வந்தார். அவர் மனைவி கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. அப்பா ராசு அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரி போயிருந்தார். மு. அண்ணன் ஒவ்வொரு ஸ்பானராகத் துடைத்துச் சாக்கில் போட்டார். என்னோடது பதினாலுதான், எண்ணிக்க பாப்பா, நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்றார். எண்ணினேன்.

கிளம்பும்போது கேட்டார்.

"பாப்பா, அன்னைக்கு அந்த வண்டில யாராச்சும் ஏறுனதப் பாத்தியா?"

"பாக்கலண்ணே."

சரி என்று தலையை ஆட்டினார். நல்லாப் படி என்றார்.

இப்படியும் எனக்குப் பொய் வருகிறது. யோசிக்கவே இல்லை.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் புழுதிக் காற்று. துணி காயவில்லை. சோறு குழைந்துவிட்டது, அப்பா அதையே சாப்பிட்டார்.

சாப்பிடும்போது போன். திருமங்கலத்தில் பட்டறை வைத்திருப்பவர். மு. அண்ணன் அங்கே வேலை கேட்டிருக்கிறார், ஆள் எப்படி என்று விசாரிக்கிறார். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "காலைல சொல்றேண்ணே. இம்புட்டு வருசம் கூட இருந்த ஆளு, சட்டுனு வாய் வர மாட்டேங்குது" என்றார்.

காலையில் அப்பா 'பிரேக் வேலைக்கு நம்பி விடாதீங்க' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இந்த ரோட்டில் எல்லாப் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்குள் சொல்ல வேண்டும். எப்படி?

அப்பா, நான் தெரியாமல்... (தெரியும். இது பொய்.)

அப்பா, அடிக்க மாட்டேன் என்று சொன்னால் ஒன்று... (அப்பா என்னை அடித்ததே இல்லை.)

அப்பா, மு. அண்ணன் அவிழ்க்கவில்லை. நான் அவிழ்த்தேன்.

மூன்றாவது போதும். சின்னதாக இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் ராசு அண்ணன் கால் என்னால் என்று ஆகிவிடும். இப்போதும் என்னால்தான். எனக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. அப்பாவும் குனிந்து பார்க்கவில்லை. இதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் அப்பாவுக்கு அது தானாகவே

கதவு தட்டுகிறது.

"பாப்பா, முழிச்சிருக்கியா? திருமங்கலத்துக்காரரு திரும்பவும் கூப்புடுறாரு. எங்கிட்டுத்தா அந்தக் கண்ணாடிய வச்சேன்?"

வாரேன்ப்பா என்று சொல்லிவிட்டேன். லைனில் ஆள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மு. அண்ணன் அவிழ்க்கவில்லை. நான்