உப்புப் போட்டுக் காய்ச்சிய தேயிலை

நேற்று மத்தியானம் நெருளிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். வேலை விஷயமாகச் சீனாவுக்குப் போய்த் திரும்பிய அவள் மகன், எனக்கென்று ஒரு தேயிலைக் கட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தான். வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு, காகிதத்தில் சுற்றியிருந்தது. பிரித்ததும் மழையில் நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாசனை. "என்னக்கா இது, வறட்டி மாதிரின்னா இருக்கு" என்றாள் தங்கை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நீயும் அதே வார்த்தையைத்தான் சொன்னாய். அப்போது நீ பார்த்தது என் மொபைலில் இருந்த படத்தை.

தங்கை கிளம்பிப் போனபிறகு அதை மேல் அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காய்ச்சிப் பார்க்கத் தெம்பில்லை. இப்போதெல்லாம் மாட்டுங்கா மார்க்கெட் வரை போய்வந்தாலே ஒரு பகல் போய்விடுகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுதினால் தேவலை என்று தோன்றியது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். எப்போதும் நான்தான் படித்துச் சொல்வேன். இதையும் அப்படியே வைத்துக்கொள்.

சயான் பக்கத்து டயாலிசிஸ் மையத்தில் உனக்கு ஏழாம் எண் படுக்கை, எனக்கு எட்டு. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். முதல் மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த கோபத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எடை பார்க்கும் மேடையில்தான் முதலில் பேசினோம். இரண்டு நாளில் மூன்று கிலோ ஏறியிருக்கிறாய் என்று நர்ஸ் உன்னைக் கடிந்துகொண்டாள். நீ என் பக்கம் திரும்பி, "நாள் பூரா டீ காய்ச்சுதேன்க்கா. ஆவி உள்ள போயே எடை ஏறும் போல" என்றாய்.

அப்படித்தான் உன் கடை எனக்குத் தெரியவந்தது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைகள் இருக்கும் சந்து, தகரக் கூரை, நீயும் உன் வீட்டுக்காரரும். ஒரு நாளைக்கு முந்நூறு கட்டிங், அதாவது அரை கிளாஸ் டீ, போகும் என்பாய். ஆனால் உனக்கும் எனக்கும் சாதத்துக்கு விடும் ரசம் உட்பட குடிப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளில் ஒரு லிட்டர்தான் அளவு. டீயின் பதம் பார்க்க நாக்கில் தொட்டுவிட்டுத் துப்பிவிடுவாயாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

ஒரு வியாழக்கிழமை, "யக்கா, இந்த டீய மொதல்ல எவ காய்ச்சுனா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சும்மா சொன்னதுதான். ஆனால் அடுத்த முறை நீ மறக்காமல் கேட்டாய். அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வேலையாயிற்று. வேறு எந்த வேலையும் இல்லாத காலம் அது.

முதலில் அந்த அரசன் கதையைச் சொன்னேன். சீனத்தில் பழைய காலத்து அரசன் ஒருவன் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தானாம், மரத்திலிருந்து இலை பறந்து வந்து பானைக்குள் விழுந்ததாம், குடித்துப் பார்த்தானாம். நீ கண்ணைத் திறக்காமலேயே கேட்டுவிட்டு, "ராசா எதுக்குக்கா அடுப்புல நிக்காரு?" என்றாய். அதற்குப் பிறகு நான் கதையை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வந்தேன். ஆரம்பத்தில் அது மருந்து, தெற்கே மலைப்பக்கத்து ஜனங்கள் இலையைப் பச்சையாகவே மென்றிருக்கலாம் என்று சொன்னேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அடிமை ஒப்பந்தம் ஒன்றில், தேயிலை காய்ச்ச வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், சந்தைக்குப் போய் வாங்கிவர வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம்; அது தேயிலைதானா என்று படித்தவர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்களாம் என்றும் சொன்னேன். உனக்குச் சந்தேகமே இல்லை. "கழுவணும்னு எழுதிருக்குல்லா. அப்பம் டீதான்" என்றாய்.

அதே காலத்து அரசன் ஒருவனின் கல்லறையைத் தோண்டியபோது, அவனோடு புதைத்த சாமான்களில் தேயிலைக் கொழுந்து மக்கிக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள் என்று படித்துக் காட்டினேன். நீ, "அங்க போனா யாரும் அளவு சொல்ல மாட்டாங்கல்லா" என்றாய். குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

உப்பு விஷயம்தான் உனக்கு ரொம்பப் பிடித்தது. இலையை வேகவைத்து இடித்து, வட்டமாகத் தட்டிக் காயவைப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வறட்டி என்றாய். வேண்டும்போது நெருப்பில் வாட்டி, பொடித்து, கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். இஞ்சி, வெங்காயத்தாள், ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்துக் கஞ்சி மாதிரி குடித்த காலமும் உண்டு. பிற்பாடு, இதெல்லாம் எதற்கு, கொஞ்சம் உப்பு மட்டும் போதும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். "டீயும் நமக்கு ஆகாது, உப்பும் ஆகாது. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குடிச்சிருக்கான் பாத்தியளா" என்று நீ சொன்னபோது, மருந்து ஏற்ற வந்த நர்ஸ் நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் நின்றாள்.

அந்த வருஷம்தான் நம் இருவருக்கும் ஒரு வழி கிடைத்தது. என் கணவரின் ரத்த வகை எனக்குச் சேரவில்லை. உன்னவருடையது உனக்குச் சேரவில்லை. ஆனால் மாற்றிக் கொடுத்தால் பொருந்தும் என்று மருத்துவர் சொன்னார். என் கணவரின் சிறுநீரகம் உனக்கு. உன் கணவருடையது எனக்கு. நால்வருக்கும் பரிசோதனை, அனுமதிக் குழு, கையெழுத்துகள். அந்த ஐந்து மாதமும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நம் இரண்டு பேர் கணவர்மாரும் ஒன்றாக அலைந்தார்கள். என்னவர் உன் கடையில் டீ குடித்துவிட்டு வந்து அதன் ருசியைச் சொல்வார்.

அப்போதுதான் தங்கை வந்தாள். முதலில் அவள் வீட்டார் சம்மதிக்கவில்லை என்று நாங்கள் கேட்பதையே விட்டிருந்தோம். அவளாகவே போய்ப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எல்லாம் பொருந்தியது. கூடப்பிறந்தவள் என்பதால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும், இதுதான் நல்லது என்றார்கள். நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று உனக்குச் சொன்னது பொய். நான் மிகவும் ஓய்ந்து போயிருந்தேன். அவ்வளவுதான் காரணம். என்னவர் மட்டும், "அப்போ அவாளுக்கு?" என்று ஒரு தடவை கேட்டார். நான் மாற்றிக் கொடுப்பதற்கான காகிதங்களை எடுத்து உள்ளே வைத்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

உன்னிடம் ஒரு சனிக்கிழமை, இருவருக்கும் ஊசி ஏற்றி முடித்த பிறகு சொன்னேன். நாலு மணி நேரத்துக்கு நம் இருவராலும் எழுந்து போக முடியாது. அது தெரிந்தேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேனா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீ முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாய். ஒரு மணி நேரம் கழித்து, "தங்கச்சிக்கு எத்தன பிள்ளைய?" என்று கேட்டாய். ஒன்று என்றேன். சரி என்றாய். அன்று தேயிலைக் கதை இல்லை. ஊசியை எடுத்து, கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தபோதுதான், "நல்லா ஆயிருவிய. போயிட்டு வாங்க" என்றாய்.

ஆபரேஷன் முடிந்தது. கிருமி தொற்றக்கூடாது, கூட்டத்துக்குள் போகக்கூடாது என்றார்கள். அது உண்மைதான். அந்த உண்மைக்குள் நான் ஏழு மாதம் ஒளிந்துகொண்டேன். போனில் இரண்டு தடவை பேசினேன். கடையில் சத்தமாக இருக்கிறது என்று நீ வைத்துவிட்டாய்.

பிறகு ஒரு நாள் காலையில் மாஸ்க் போட்டுக்கொண்டு உன் சந்துக்கு வந்தேன். தோலும் பசையும் நாறும் அந்த இடத்தில் உன்னவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நீ இளைத்து, கறுத்து, கை வீங்கியிருந்தாய். என்னைப் பார்த்ததும் பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு வேறொரு பாத்திரத்தை ஏற்றினாய். டப்பாவிலிருந்து காய்ந்த ஆரஞ்சுத் தோலை எடுத்தாய். எப்போது காயவைத்தாயோ. இஞ்சியும் தேயிலையும் சேர்த்து இடித்தாய். ஒரு சிட்டிகை உப்பு. பால் இல்லை, சர்க்கரை இல்லை. கட்டிங் இல்லாமல் முழு கிளாஸாக என் கையில் கொடுத்தாய்.

"குடிங்க. இனும உங்களுக்கு அளவு கெடையாதுல்லா."

கசந்தது, உவர்த்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நீ நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். நீ விடவில்லை.

"கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க எடத்துல நான் இருந்தாலும் தங்கச்சிகிட்டத்தான் போயிருப்பேன். அதான், இந்தக் கோவத்த எங்க கொண்டு வைக்கன்னு தெரியல."

சொல்லிவிட்டு, பட்டறையிலிருந்து வந்து நின்ற ஒருவருக்கு டீ ஊற்றப் போனாய். நான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். உன்னவர்தான் டாக்ஸி வரை கூட வந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே வரும் அந்த நீண்ட இடைவெளியை நாம் இருவரும் எப்போதும் பயந்துகொண்டேதான் கடந்தோம். காலையில் கடை திறந்து முதல் பாத்திரம் இறக்கிய நீ, மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தாயாம்; பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். உங்கள் வீட்டுக்கு வந்து நான் உட்கார்ந்திருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஒரு முழு கிளாஸ் குடிச்சா. நான் தடுக்கல." ஒரு கிளாஸ் டீயால் யாரும் போவதில்லை என்று சொன்னேன். மறுபடியும் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

என் உடம்பு இப்போது பரவாயில்லை. களைப்புதான். மாத்திரைகள் அப்படி என்கிறார்கள். மருத்துவர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். குடிப்பதே ஒரு வேலையாக இருக்கிறது. தேயிலையைப் பற்றிப் படிப்பதையும் நான் விடவில்லை. கேட்க ஆளில்லாமல் எதற்குப் படிக்கிறேன் என்று தெரியவில்லை. கை தானாகப் போகிறது.

போன வாரம் ஒன்று படித்தேன். தேயிலைக்கென்று சீனத்தில் வெகுகாலம் தனி எழுத்தே கிடையாதாம். ஏதோ ஒரு கசப்புக் கீரைக்கு இருந்த எழுத்தையே இதற்கும் எழுதினார்களாம். நூற்றுக்கணக்கான வருஷம் காய்ச்சி, குடித்து, விற்று, வாங்கிய பிறகுதான், அந்த எழுத்தில் ஒரே ஒரு கோட்டை நீக்கி இதற்கென்று ஒன்றை ஆக்கினார்கள்.

படித்ததும் வழக்கம்போல உனக்குச் சொன்னேன், மனசுக்குள்தான். நீ ஏதாவது சொல்வாய் என்று இருந்தேன். நீ போன முதல் வருஷமெல்லாம் என்ன சொல்லியிருப்பாய் என்பது எனக்குத் தெரிந்துவிடும். உன் குரலிலேயே கேட்கும். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. ஒரு வாரமாக யோசிக்கிறேன். சமையலறையில் நின்று யோசிக்கிறேன், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். நானாக எதையாவது சொல்லி, அதை நீ சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். உன் விஷயத்தில் இன்னொரு தடவை அப்படி உன்னைக் கேட்காமல் எதையும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. காத்திருக்கிறேன்.