அண்ணன் ஏறிய பஸ்

மச்சான்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டு வரவேற்பறையில் பெரிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. தேநீர் ஊற்றப்பட்டு, மின்விசிறியின் வேகம் குறைக்கப்பட்டு, தொலைக்காட்சியின் சத்தம் அடக்கப்பட்ட பிறகே பேச்சு தொடங்கியது. என் மனைவி, மகன், மகள், மூன்று மாதத்துக்கு முன் மகளைக் கட்டிய மருமகன் எல்லோரும் வந்திருந்தார்கள். இணையத்தில் படம் பார்க்கும் குடும்பக் கணக்கிலிருந்து ஒரு பெயரை நீக்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை. நீக்க வேண்டிய பெயர் உன்னுடையது.

"அப்பா, அஞ்சு பேருக்குத்தான் இடம்," என்றாள் மகள். "அங்கிள் போயி ஒரு வருஷம் ஆச்சு. இவருக்குன்னு ஒண்ணு வேணும்லா."

"பரவால்ல மாமா, நான் யார் பேர்ல வேணும்னாலும் பாத்துக்குவேன்," என்றார் மருமகன். மூன்று மாத மருமகன்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ரிமோட்டை என்னிடம் கொடுத்தார்கள். திரையில் ஐந்து வட்டங்கள். கடைசி வட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பாண்டா. அதன் கீழே 'மச்சான்' என்று நானே அடித்துக் கொடுத்த பெயர். ஒருவருடைய பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வழக்கம்தானே. திறந்தேன்.

செனாய் ஊரில் இருந்த தொழிற்சாலைக்கு நம்மை ஏற்றிச் சென்ற பஸ்ஸில் உன் கருத்துகள்தாம் எனக்கு முதலில் அறிமுகமாயின. நீ பிறகுதான் அறிமுகமானாய். பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், சண்டைக் காட்சியில் சட்டை கசங்காத கதாநாயகனை நம்பக் கூடாது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். உன் சட்டையும் கசங்காமல்தான் இருந்தது. அதைச் சொன்னேன். "நான் இன்னும் சண்டை போடலயே மச்சான்," என்றாய். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் உனக்கு நான் மச்சான், எனக்கு நீ மச்சான்.

உன் கருத்துகள் எதற்கும் ஆதாரம் இருந்ததில்லை, தயக்கமும் இருந்ததில்லை. அழகான வில்லன் இருந்தால் படம் மோசம். மழையில் பாட்டு வந்தால் தயாரிப்பாளருக்குப் பணம் தீர்ந்துவிட்டது. ஐந்து ஒலிபெருக்கி உள்ள ஹோம் தியேட்டர் வாங்கி, வயர் எட்டவில்லை என்று ஐந்தையும் டீவிக்கு மேலேயே அடுக்கி வைத்தாய். நாலு மூலையில் வைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "சத்தம் எங்கேருந்து வந்தா என்ன, காதுக்குத்தான வரணும்," என்றாய். கோத்தா திங்கியில் உன் வீட்டில் பார்த்த ஹெலிகாப்டர்கள் எல்லாம் ஒரே திசையிலிருந்துதான் வந்தன.

என் மகனின் வீடியோ கேமையும் நீ விட்டுவைக்கவில்லை. காட்டில் மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டும் விளையாட்டு ஒன்றை அவன் உனக்கு ஆசையாகச் சொல்லிக் கொடுத்தான். பத்து நிமிடம் மரம் வெட்டினாய். பிறகு கருவியைக் கீழே வைத்தாய். "காலைலேருந்து கிலாங்ல மெஷின் முன்னாடி நின்னுட்டு வந்திருக்கேன். இங்கயும் வேலையா? எங்க தாத்தா எஸ்டேட்ல இதத்தான் பண்ணாரு. அவருக்கு எவன் பாயிண்ட் குடுத்தான்?" பந்தாட்ட விளையாட்டுக்கு மாறினோம். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழுத்தி என்னை நான்குக்கு ஒன்றில் தோற்கடித்தாய். அந்த முடிவை நான் இன்னும் ஏற்கவில்லை.

ஆனால் நம் இருவருக்கும் நடுவே நின்ற படம் ஒன்றுதான். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், பலகாரக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடையில், பிளாஸ்டிக் உறையில் நீ வாங்கிய விசிடி. இரண்டு வட்டுகள். முதல் வட்டில் அண்ணன் தம்பி கதை. அண்ணன் செய்யாத தவறுக்கு அப்பா அவனை வீட்டை விட்டுத் துரத்துகிறார். மழை. அண்ணன் பஸ் ஏறுகிறான். தம்பி பின்னாலேயே ஓடுகிறான். அத்தோடு வட்டு முடிந்தது. இரண்டாம் வட்டைப் போட்டோம். ஒரு புற்று. அதிலிருந்து ஒரு பாம்பு வந்தது.

வேறு படம். உறையில் மாற்றிப் போட்டிருந்தார்கள். நீ மட்டும் பத்து நிமிடம் ஒப்புக்கொள்ளவில்லை. "மறுபிறவி மச்சான். பஸ்ஸு கவுந்திருக்கும். அண்ணன்தான் பாம்பு."

பாம்புக்குக் கல்யாணப் பாட்டு வந்த பிறகு எழுந்து போய் நிறுத்தினாய். மறு வாரம் கடைக்காரச் சீனரிடம் சண்டைக்குப் போனோம். இரண்டு வட்டுகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் தமிழ்தானே பாஸ்," என்று மலாயில் சொன்னார்.

அந்த அண்ணன் திரும்பி வந்தானா என்று எட்டு வருடம் வாதாடினோம். பஸ்ஸில், கேன்டீனில், என் மகள் பூப்புனித நீராட்டு விழாவில் பந்திக்கு நடுவில். வருவான் என்பது உன் கட்சி: அதே பஸ்ஸில், அதே மழையில், கையில் குடையோடு. வரமாட்டான் என்பது என் கட்சி. அவனைப் பள்ளத்தில் தள்ளினேன், கடலில் மூழ்கடித்தேன், ஒருமுறை அரசியலில் சேர்த்தேன். நீ சிரித்துக்கொண்டே, "இல்லடா, வருவான்," என்பாய். அவ்வளவுதான் உன் வாதம்.

பிறகு உங்கள் ஊரில் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் சேறு வாரித் தள்ள நான் வந்தேன். உன் மனைவி வாசலில் நின்று என்னிடம் புகார் சொன்னாள். "பாருங்கண்ணே. ஐசி கார்டு, பொறப்புப் பத்திரம் எல்லாம் தண்ணிக்குள்ள. இந்த மனுஷன் தோள்ல டீவி, கையில பிஸ்கட் டின்னு. பசிக்குதுன்னு நெனச்சேன். தொறந்தா உள்ள பிஸ்கட்டே இல்ல."

டின்னில் அந்த முதல் வட்டு இருந்தது. அதோடு, மீசை அரும்பிய ஓர் ஆளின் புகைப்படம். யார் என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க அண்ணன். அப்பாகூடச் சண்டை போட்டுக்கிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு பஸ் ஏறினாராம். இவருக்கு அப்ப பதினாறு வயசு. அப்புறம் தகவலே இல்ல. உங்ககிட்டச் சொல்லலயா?"

சொல்லவில்லை. உன் அண்ணனை எட்டு வருடமாக விதவிதமாகக் கொன்றுகொண்டிருந்த ஒருவனிடம் நீ எப்படிச் சொல்வாய்? அன்று சேறு முழுவதையும் நானே வாரினேன். அதற்குப் பிறகு எப்போது அந்தப் பேச்சு வந்தாலும் வருவான் என்றே சொன்னேன். உனக்கு அது பிடிக்கவில்லை. "என்னடா, வாதமே பண்ண மாட்டேங்குற? நீ ஒத்துக்கிட்டா எனக்குப் பயமா இருக்கு," என்றாய்.

சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு நீ படுக்க வேண்டி வந்தபோதுதான் என் கணக்கில் உனக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். கையளவுத் திரையில் நீ உலகப் படங்களையெல்லாம் பார்த்து, எல்லாவற்றையும் நிராகரித்தாய். ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டாய்.

"மச்சான், பஸ் வந்துருச்சுடா."

"எந்த பஸ்?"

"அண்ணன் பஸ்தான்லா! முழுப் படமும் இருக்கு. பாம்பு இல்லாம."

தனியாக யாரும் பார்க்கக் கூடாது, சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அந்த ஞாயிறு எனக்கு வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்கும் வேலை. அடுத்த ஞாயிறு சம்பந்தி ஆகப்போகிறவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு எனக்கு ஒரு வேலையும் இல்லை. மழை என்று சொல்லிவிட்டேன். முடிவைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

பிறகு உனக்குக் கிருமித் தொற்று வந்து ஜொகூர் பாருவில் சேர்த்தார்கள். உன்னைப் பார்க்க வருவதற்கு முந்தைய நாள், வாக்கை மீறித் தனியாக உட்கார்ந்து படம் முழுவதையும் பார்த்தேன். நீ கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டுமே.

அண்ணன் வரவில்லை. சாகவும் இல்லை. இடைவேளைக்குப் பிறகு அவன் பெயரையே யாரும் சொல்லவில்லை. தம்பி நகரத்துக்குப் போகிறான், காதலிக்கிறான், வெளிநாட்டில் இரண்டு பாட்டுப் பாடுகிறான். கடைசியில் குடும்பம் முழுவதும் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறது. நான் உட்கார்ந்து யோசித்திருந்த கொடூரமான முடிவுகளில் ஒன்றுகூட இவ்வளவு கொடூரமாக இல்லை. அந்த இயக்குநர் அவனை மறந்தே போய்விட்டார்.

மறுநாள் உன் கட்டில் அருகே நான் உட்கார்ந்ததும் கேட்டாய். "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்டா."

"துரோகி." சிரித்தாய். "அண்ணன் வந்தானா?"

"வந்தான்."

"எப்படி?"

"அதே பஸ்ஸில. மழை. தம்பிக்கு முதல்ல அடையாளம் தெரியல. தலையெல்லாம் நரைச்சுப் போயிருக்கு."

"குடை?"

"இருந்துச்சு. ஆனா விரிக்கல."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "பாட்டு போட்டானா?" என்றாய்.

"போடல. மழைச் சத்தம் மட்டுந்தான்."

"நல்ல டைரக்டர்," என்றாய். "நான்தான் சொன்னேன்லா."

நான்காம் நாள் நீ போய்விட்டாய். வேறு யாரிடமும் சொல்லாத அந்தப் பொய்யை ஒரு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஏமாற்றினேனா, ஆறுதல் சொன்னேனா என்று சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். பச்சை வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் பெயரைத் திறந்தபோது, நீ பார்த்த படங்களின் பட்டியல் வந்தது. அந்தப் படம் அதில் இரண்டு முறை இருக்கிறது. இரண்டு முறையும் கடைசி வரை ஓடியிருக்கிறது. முதல் முறை, பஸ் வந்துவிட்டது என்று நீ என்னைக் கூப்பிட்ட அதே நாள். இரண்டாவது, உன்னை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பு.

எல்லோரும் காத்திருந்தார்கள். தேநீர் ஆறிப்போயிருந்தது.

"என்னப்பா, எப்படி டிலீட் பண்றதுன்னு தெரியலயா?" என்றாள் மகள்.

"தெரியல," என்றேன்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, ரிமோட்டைக் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள். "பாத்திரம் கழுவணும், எல்லாம் எந்திரிங்க," என்றாள்.

மருமகன் இப்போது என் பெயரில் பார்க்கிறார். எனக்குக் கொரியச் சமையல் போட்டிகள் பரிந்துரைக்கப்படுகின்றன.