அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

மார்ச் 3, திங்கள்

அடுத்த புதன் அம்மாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். அன்று மாலையே ஈசூன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். முழு மயக்கமா, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதா, எது வேண்டும் என்று மயக்க மருத்துவர் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான்.

"ஊசியே போடச் சொல்லு யாமினி. கர்ப்பப்பை எடுத்தப்ப முழுசா மயக்கி, ரெண்டு நாளு எங்க இருக்கேன்னே தெரியாமக் கெடந்தேன்" என்றாள் அம்மா.

ஊசி என்றால் கால் உணர்வு திரும்பி, சிறுநீர் போகும்வரை வீட்டுக்கு விடமாட்டார்களாம்; இரவு தங்க வேண்டியும் வரலாம். மறுநாள் காலை எனக்கு தஞ்சோங் பகார் ஆபீசில் பிரசென்டேஷன். அம்மா தூங்கிவிடவே விரும்புகிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன். பழைய கதையைச் சொல்லவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா."

மார்ச் 12, புதன்

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "முதுகுல எப்பப் போடுவாங்க?" என்று கேட்டாள்.

"உள்ள போனதும்மா."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் கண் விழித்தவள் என்னைப் பார்த்து, "கதவத் திறங்க, எம்மக ஸ்கூல்லேருந்து வந்துடுவா" என்கிறாள். கையில் இருந்த டியூபைப் பிடுங்கப் பார்க்கிறாள்.

"நான்தான்மா யாமினி."

"யாமினி சின்னப் புள்ளயாச்சே!"

வீட்டுக்கு விடவில்லை. வார்டில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன காரியம் பண்ணிட்டேன்?

மார்ச் 13

ஆபீசுக்குப் போகவில்லை.

மார்ச் 15, சனி

அம்மாவுக்கு என்னைத் தெரிகிறது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கிளம்பும் முன் மயக்க மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போட்டிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு, "முன்பே ஒருமுறை நடந்தது தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன்" என்றார். திட்டியிருக்கலாம். அம்மாவிடம் சொல்ல வேண்டும்— நாளைக்கு.

மார்ச் 26, புதன்

இன்னும் சொல்லவில்லை. இன்று செக்கப். தமிழ் பேசும் நர்ஸ், ருக்சார் என்று பெயர். ஃபைலைப் பார்த்தபடி, "முழு மயக்கம் நீங்கதான் கேட்டீங்களாம்மா?" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இடது பக்கத்திலும் ஹெர்னியா இருக்கிறதாம், ஜூனில் செய்யலாம் என்றார்கள். அதைப் பற்றிப் பேச டாக்டர் கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். அம்மா கோபப்படவில்லை. என் தோளை லேசாகத் தட்டினாள்.

"நீ இங்கேயே உக்காரும்மா. இந்த நர்ஸ் பொண்ணு கூட வருது. நான் சொல்லிக்கிறேன்."

கதவு மூடியது. உள்ளே அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.